குழந்தைக்கு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறீர்களா?

"பையன் கேம்ஸ் விளையாட கம்ப்யூட்டர் கேட்கிறான். குறைந்த விலையில் எதை வாங்கலாம்?" கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்ப்பவர்களிடம் உறவினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் வாங்குவதற்கு முன் கேட்பார்கள். என் அத்தான் வாங்கிய பிறகு கேட்டார்.

2025-ம் ஆண்டு மே மாதம். அக்கா மகனுக்கு ஏழாம் வகுப்பு முடிந்து கோடை விடுமுறை. அத்தான் ஓராண்டு சேர்த்து வைத்த 24,000 ரூபாயில் இணையத்தின் வழியாக ஒரு 'கேமிங் கம்ப்யூட்டர்' வாங்கியிருந்தார். விளம்பரத்தில் "ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11" என்று போட்டிருந்தது. கேபினட்டின் முன்பக்கம் வண்ண விளக்குகளுடன் மூன்று மின்விசிறிகள். பையன் வேலரன்ட் கேமை இன்ஸ்டால் செய்தான். டி.பி.எம். 2.0 இல்லை என்று ஒரு செய்தி வந்ததோடு சரி, கேம் திறக்கவே இல்லை. நண்பன் கொடுத்த ஜி.டி.ஏ. 5 கேமைப் போட்டுப் பார்த்தான். படம் விட்டு விட்டு நகர்ந்தது.

"மாப்ள, ஐ7-க்கு மேல வேற என்னடா இருக்கு? ஏமாத்திட்டானா?" என்று போனில் கேட்டார் அத்தான். திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது ஐ7 தான், ஆனால் 2011-ல் வெளிவந்த ஐ7-2600. ராம் 16 ஜிபி தான், ஆனால் பழைய டிடிஆர்3 வகை. கிராபிக்ஸ் கார்டில் 4 ஜிபி நினைவகம் இருந்தது, ஆனால் அது 2014-ல் வந்த ஜிடி 730. விளம்பரத்தில் ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. திருப்பிக் கொடுக்கும் ஏழு நாள் கெடுவும் முடிந்திருந்தது. "இனி இந்த வீட்டில் கம்ப்யூட்டர் பேச்சே வேண்டாம்" என்றார் அத்தான். பையன் தன்னால்தான் அப்பாவின் பணம் போயிற்று என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த நிலை உங்கள் வீட்டில் வராமல் இருக்க, ஒரு கேமிங் கம்ப்யூட்டரை எப்படித் தேர்வு செய்வது என்பதை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

முதலில் கேம் பட்டியல்

கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உள்ளது. குழந்தையை உட்கார வைத்து, அவன் அல்லது அவள் விளையாட விரும்பும் ஐந்து கேம்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கேமின் அதிகாரப்பூர்வ தளத்திலும் 'சிஸ்டம் ரெக்கொயர்மென்ட்ஸ்' பகுதியைப் பார்த்து, எதிரே குறித்துக் கொள்ளுங்கள். அதில் மினிமம், ரெக்கமன்டட் என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். மினிமம் என்பது கேம் ஓடும் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். ரசித்து விளையாட ரெக்கமன்டட் பட்டியலையே பார்க்க வேண்டும்.

இப்படிப் பார்க்கும்போது பல குழந்தைகள் கேட்கும் கேம்களுக்கு நாம் பயப்படும் அளவு பெரிய கம்ப்யூட்டர் தேவையில்லை என்பது தெரியவரும். சில உதாரணங்கள்:

வேலரன்ட் (2020): இதை வினாடிக்கு 60 பிரேம் வேகத்தில் விளையாட ஐ3-4150 பிராசசர், ஜிடி 730 கார்டு போதும் என்று தயாரித்த நிறுவனமே கூறியுள்ளது. ஆனால் விண்டோஸ் 11-ல் இந்த கேம் திறக்க டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் ஆகிய இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இயங்கிக் கொண்டிருக்க வேண்டும்.

ஃபோர்ட்நைட்: ரெக்கமன்டட் பட்டியலில் 16 ஜிபி ராமும், 2 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 960 வகைக் கார்டும் கேட்கிறது.

மைன்கிராஃப்ட்: கிராபிக்ஸ் கார்டை விட பிராசசரையும் ராமையும் அதிகம் நம்பியிருக்கும் கேம். நல்ல உள்ளமை கிராபிக்ஸ் இருந்தாலே போதும்.

கவுண்டர் ஸ்டிரைக் 2 (2023): 8 ஜிபி ராம், டிஸ்க்கில் 85 ஜிபி இடம் குறைந்தபட்சத் தேவை.

ஜி.டி.ஏ. 5: 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த பழைய பதிப்பு, 2025 மார்ச்சில் வந்த புதிய பதிப்பு என இரண்டு உள்ளன. புதிய பதிப்புக்கு எஸ்.எஸ்.டி. கட்டாயம். அதிலும் 100 ஜிபிக்கு மேல் காலி இடம் வேண்டும்.

அத்தான் வாங்கிய கம்ப்யூட்டரில் இருந்த ஜிடி 730 வேலரன்ட்டுக்குப் போதுமானதே. மதர்போர்டு பழையது என்பதால் டி.பி.எம். 2.0 இல்லை. அதில் விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்டின் சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியிருந்தார்கள். அதனால்தான் கேம் திறக்கவில்லை. ஒரு தாளில் ஐந்து வரி எழுதியிருந்தால் இது முன்பே தெரிந்திருக்கும்.

பிராசசர் பெயரை வாசிப்பது எப்படி?

"ஐ3 சாதாரணம், ஐ5 நடுத்தரம், ஐ7 உயர்ந்தது" என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரே தலைமுறைக்குள் மட்டுமே இது சரி. இன்டெல் கோர் பிராசசரின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்களை மறைத்து விடுங்கள். மீதி இருப்பது தலைமுறை. ஐ7-2600 என்றால் 2-ம் தலைமுறை. ஐ5-8500 என்றால் 8-ம் தலைமுறை. ஐ3-12100 என்றால் 12-ம் தலைமுறை. ஐ7-2600, ஐ3-12100 இரண்டிலும் 4 கோர், 8 த்ரெட் தான். ஆனால் 2022-ல் வந்த அந்த ஐ3, தனி ஒரு கோரின் வேகத்தில் 2011-ன் ஐ7-ஐப் போல் சுமார் இரண்டு மடங்கு. எனவே 'ஐ7' என்று மட்டும் சொல்லி, பின்னால் உள்ள எண்ணைச் சொல்லாத கடைக்காரரிடம் முழுப் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்போது 'கோர் அல்ட்ரா' என்ற புதிய பெயரிலும் இன்டெல் பிராசசர்கள் வருகின்றன. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

இதில் 8-ம் தலைமுறைக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் முறைப்படி ஆதரிப்பது, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் 8-ம் தலைமுறையில் இருந்துதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்து விட்டது. ஆகவே 8-ம் தலைமுறைக்குக் கீழே உள்ள எதையும் கேமிங் கம்ப்யூட்டர் என்ற பெயரில் வாங்க வேண்டாம்.

எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தையும் கவனியுங்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது. ஐ3-12100எஃப் வாங்கி, தனி கிராபிக்ஸ் கார்டு போடாவிட்டால் மானிட்டரில் படமே வராது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600ஜி போன்றவற்றில் 'ஜி' என்பது ஓரளவு வலுவான உள்ளமை கிராபிக்ஸ் இருப்பதைக் குறிக்கும்.

கிராபிக்ஸ் கார்டு: ஜிபி எண்ணை நம்பாதீர்கள்

கேமிங்கைப் பொறுத்தவரை அதிகப் பணம் போக வேண்டிய இடம் கிராபிக்ஸ் கார்டு. அதிகம் ஏமாறும் இடமும் இதுதான். "4 ஜிபி கார்டு" என்பது நினைவகத்தின் அளவு. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்று சொல்வது போல. குழாய் எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது. 64 பிட் டிடிஆர்3 வகை ஜிடி 730-ல் வினாடிக்கு 14.4 ஜிபி தகவல்தான் நினைவகத்தில் இருந்து போய் வர முடியும். 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ல், அதே 4 ஜிபி நினைவகத்துடன், அது 128 ஜிபி. ஏறக்குறைய ஒன்பது மடங்கு வித்தியாசம்! அத்துடன் ஜிடி 730-க்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்கள் வருவதும் 2021-க்குப் பின் நின்று விட்டது.

குறைந்த செலவில் கவனிக்கத்தக்க கார்டுகள் சில:

ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி (2024): 70 வாட் மின்சாரம் போதும். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இருந்து தனி வயர் தேவையில்லை. இதே பெயரில் உள்ள 8 ஜிபி கார்டு வேறு. அது இதைவிட வேகமானது, 130 வாட் எடுக்கும். பில்லில் எது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

ரேடியான் ஆர்எக்ஸ் 6600 (2021): 8 ஜிபி நினைவகம், 132 வாட். ஃபுல் எச்.டி. மானிட்டரில் பெரும்பாலான கேம்களுக்குத் தாராளமாகப் போதும்.

ஆர்டிஎக்ஸ் 5050 (2025): 8 ஜிபி, 130 வாட். புதிய தலைமுறைக் கார்டு.

இன்டெல் ஆர்க் பி580 (2024 இறுதி): 12 ஜிபி, 190 வாட். இது சரியாக இயங்க மதர்போர்டில் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி வேண்டும். பழைய மதர்போர்டுகளில் இந்தக் கார்டைப் போட வேண்டாம்.

இவற்றின் விலை மாதத்துக்கு மாதம் மாறும். வாங்கும் வாரத்தில் இரண்டு மூன்று இடங்களில் விசாரித்து, அன்று விலைக்கேற்ற கார்டைத் தேர்வு செய்யுங்கள்.

தனி கார்டு இல்லாமலே தொடங்கலாமா?

தொடங்கலாம். பட்டியலில் இருப்பவை மைன்கிராஃப்ட், ரோப்லாக்ஸ், வேலரன்ட் போன்றவை என்றால் 2021-ல் வந்த ரைசன் 5 5600ஜி அல்லது 2024-ல் வந்த ரைசன் 5 8600ஜி போதும். கார்டை அடுத்த தீபாவளி போனசில் சேர்த்துக் கொள்ளலாம்.

ஆனால் இதில் ராம் விஷயத்தில் ஒரு நுணுக்கம் உள்ளது. உள்ளமை கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. கம்ப்யூட்டரின் ராமையே அது பங்கு போட்டுக் கொள்ளும். டிடிஆர்4-3200 ராம் ஒன்றைப் போட்டால் வினாடிக்கு 25.6 ஜிபி வேகம். அதையே இரண்டு ஸ்லாட்டுகளில் இரண்டாகப் போட்டால் 51.2 ஜிபி. எனவே 16 ஜிபி ராம் ஒன்றுக்குப் பதில் 8 ஜிபி ராம் இரண்டு போடச் சொல்லுங்கள். ஒரே செலவில் கேமின் வேகம் கண்ணுக்குத் தெரியும் அளவு கூடும். பயாஸில் 'எக்ஸ்.எம்.பி.' அல்லது 'டி.ஓ.சி.பி.' என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் ராம் அதன் முழு வேகத்தில் இயங்கும். அசெம்பிள் செய்யும் கடைகளில் பலர் இதை விட்டு விடுவார்கள். நீங்களே கேட்டுச் செய்ய வையுங்கள்.

மற்றொன்று, 5600ஜி பிராசசரில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 தான் உண்டு. பின்னாளில் கார்டு சேர்க்கும்போது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போல நான்கு லேன் மட்டுமே கொண்ட கார்டைத் தவிர்க்கவும். அதன் வேகம் இதில் வெகுவாகக் குறையும்.

ராமும் எஸ்.எஸ்.டி.யும்

ராம் 16 ஜிபி என்பதை இலக்காக வைத்துக் கொள்ளுங்கள். ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக் கொண்டதால் 2025-ம் ஆண்டின் இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறியது. 'குருஷியல்' என்ற பெயரில் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு விற்று வந்த வியாபாரத்தை விட்டே விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. பணம் எட்டவில்லை என்றால், தனி கார்டு போட்ட கம்ப்யூட்டரில் இப்போதைக்கு 8 ஜிபி ஒன்று போட்டு, இன்னொரு ஸ்லாட்டைக் காலியாக விடலாம். ஆனால் 4 ஜிபி இரண்டு போட்டு ஸ்லாட்டுகளை அடைத்து விடாதீர்கள். பின்னால் கூட்டும்போது அந்த இரண்டையும் கழற்ற வேண்டி வரும்.

டிஸ்க்கைப் பொறுத்தவரை எஸ்.எஸ்.டி. இல்லாத கம்ப்யூட்டர் இனி வேண்டாம். 256 ஜிபி என்றால் விண்டோஸுடன் இரண்டு பெரிய கேம்கள் போட்டதும் நிறைந்து விடும். குறைந்தது 500 ஜிபி வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் வீட்டில் இருந்தால் புகைப்படங்கள், படங்கள் வைக்க அதையும் இணைத்துக் கொள்ளலாம்.

எஸ்.எம்.பி.எஸ்.: கண்ணுக்குத் தெரியாத எமன்

பட்ஜெட் குறையும்போது கடைக்காரர் முதலில் கை வைப்பது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் தான். கேபினட்டுடன் இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மீது "450 வாட்" என்று பெரிதாக எழுதியிருக்கும். அதை நம்பாமல் பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அதில் இருந்துதான். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால் 12 x 16 = 192 வாட். அவ்வளவுதான் அதன் சக்தி. 36 ஆம்பியர் என்று இருந்தால் 12 x 36 = 432 வாட். இது உண்மையான 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். '80 பிளஸ்' முத்திரையும், மூன்றாண்டு அல்லது அதற்கு மேல் வாரண்டியும் உள்ளதை வாங்குங்கள்.

தரமற்ற எஸ்.எம்.பி.எஸ். எரியும்போது மதர்போர்டையும் கார்டையும் சேர்த்து எரித்து விடக் கூடும். இதில் மிச்சம் பிடிக்கும் ஆயிரம் ரூபாய்க்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பொருட்களைப் பணயம் வைக்கக் கூடாது.

வீட்டில் எர்த் சரியாக உள்ள மூன்று முனை பிளக் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் சோதித்துக் கொள்ளுங்கள். யு.பி.எஸ். வாங்குவதானால், 600 வி.ஏ. யு.பி.எஸ். பொதுவாக 360 வாட் வரைதான் தாங்கும். ஐ3-12100எஃப் உடன் ஆர்எக்ஸ் 6600 போட்ட கம்ப்யூட்டர் விளையாடும்போது மானிட்டருடன் சேர்த்து சுமார் 200 முதல் 250 வாட் எடுக்கும். எனவே அதற்கு இது போதும். ஆனால் கரண்ட் போனால் கேமைச் சேமித்து மூட மட்டுமே நேரம் கிடைக்கும்.

மூன்று வழிகள்

இதுவரை பார்த்தவற்றை வைத்து, உங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்ப மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்வு செய்யலாம்.

முதல் வழி, ரீஃபர்பிஷ்டு ஆபீஸ் கம்ப்யூட்டர். கம்பெனிகள் மொத்தமாகக் கழிக்கும் பெரிய பிராண்டுகளின் டெஸ்க்டாப்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். 2018-ல் வந்த ஐ5-8500 (6 கோர்) அல்லது அதற்குப் பிந்தையதைக் கேளுங்கள். விண்டோஸ் 11 முறைப்படி இயங்கும், டி.பி.எம். 2.0 இருக்கும். இவற்றின் எஸ்.எம்.பி.எஸ். சிறியது, வழக்கமான வடிவத்திலும் இருக்காது. எனவே தனி வயர் கேட்காத 70 வாட் கார்டுதான் பொருந்தும். சிறிய கேபினட் என்றால் 'லோ புரொஃபைல்' கார்டு வேண்டும். இடத்தை அளந்து விட்டு வாங்குங்கள்.

இரண்டாவது வழி, உள்ளமை கிராபிக்ஸுடன் புதிய கம்ப்யூட்டர். ரைசன் 5 5600ஜி அல்லது 8600ஜி, 8 ஜிபி ராம் இரண்டு, 500 ஜிபி எஸ்.எஸ்.டி., நல்ல எஸ்.எம்.பி.எஸ். இதில் 5600ஜி பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் பழையது, விலை குறைவு. 8600ஜி பொருந்தும் ஏஎம்5 சாக்கெட் 2022-ல் வந்தது. பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்றிக் கொள்ள இடம் தரும். ஆனால் அதற்கு விலை கூடிய டிடிஆர்5 ராம்தான் போட வேண்டும்.

மூன்றாவது வழி, தனி கார்டுடன் புதிய கம்ப்யூட்டர். மானிட்டர் தவிர்த்து ஒதுக்கும் தொகையில் கார்டுக்கு 35 முதல் 40 சதவீதம், பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் 25 முதல் 30 சதவீதம், ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் 20 முதல் 25 சதவீதம், எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் கேபினட்டுக்கும் 10 முதல் 12 சதவீதம் என்று பிரித்துக் கொள்ளுங்கள். கடைக்காரர் தரும் கொட்டேஷனில் கேபினட்டும் விளக்குகளும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை விட விலை அதிகமாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். விண்டோஸ் லைசென்ஸ் செலவையும் முன்கூட்டியே சேர்த்துக் கொள்ளவும். இலவச லினக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்றால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் அதில் ஓடாது.

மானிட்டருக்கு ஃபுல் எச்.டி. போதும். வீட்டில் எச்.டி.எம்.ஐ. வசதி உள்ள டி.வி. இருந்தால் முதலில் அதிலேயே தொடங்கலாம். கம்ப்யூட்டர் வினாடிக்கு 60 பிரேம் மட்டுமே தரும்போது 144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் பணம் கொடுப்பதால் அதிகப் பயன் இல்லை. கார்டு போட்ட பிறகு மானிட்டர் கேபிளைக் கார்டில்தான் இணைக்க வேண்டும். மதர்போர்டில் இணைத்து விட்டு "கார்டு போட்டும் வேகமில்லை" என்பவர்கள் நிறையப் பேர்.

பழைய கார்டு வாங்கினால்

பயன்படுத்திய கார்டு பாதி விலைக்குக் கிடைக்கலாம். ஆனால் எச்சரிக்கை தேவை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தின் செயல்முறை மாறிய பின், அதுவரை இரவும் பகலும் அந்த வேலையில் ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் விற்பவற்றில் '2048எஸ்பி' என்ற குறைந்த திறன் வகையும் உண்டு. அசல் ஆர்எக்ஸ் 580-ல் 2304 ஷேடர்கள் இருக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற பழைய தலைமுறைக் கார்டுகளுக்கு என்விடியா புதிய கேம் டிரைவர்கள் தருவதை 2025 அக்டோபருடன் நிறுத்தி விட்டது. பாதுகாப்பு அப்டேட்கள் மட்டுமே வரும். எனவே மிகக் குறைந்த விலை என்றால் மட்டுமே அவற்றை யோசிக்கலாம்.

இன்னும் பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி, புதிய கார்டின் பெயரைக் காட்ட வைப்பதும் உண்டு. 'ஜிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளை பென் டிரைவில் எடுத்துச் சென்று ஓட்டிப் பாருங்கள். இத்தகைய என்விடியா போலிகள் பலவற்றை அது 'ஃபேக்' என்று பெயரின் முன்னாலேயே காட்டி விடும்.

பணம் கொடுக்கும் முன் ஐந்து சோதனைகள்

1. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் பிராசசரின் முழுப் பெயர், ராமின் அளவு, வேகம், எத்தனை ஸ்லாட்டுகள் பயன்பாட்டில் உள்ளன, கிராபிக்ஸ் கார்டின் பெயர் ஆகியவற்றைப் பார்த்துக் கொட்டேஷனுடன் ஒப்பிடுங்கள்.

2. ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறங்கள். செக்யூர் பூட் நிலை 'ஆன்' என்று இருக்க வேண்டும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் டிவைஸ் செக்யூரிட்டி பகுதியில் டி.பி.எம். 2.0 உள்ளதா என்று பாருங்கள்.

3. பட்டியலில் உள்ள ஒரு கேமை அங்கேயே அரை மணி நேரம் ஓட விடுங்கள். சூடேறி நின்று விடுகிறதா, படம் சிதறுகிறதா, மின்விசிறி அலறுகிறதா என்று கவனியுங்கள்.

4. கேபினட்டைத் திறந்து எஸ்.எம்.பி.எஸ். லேபிளைப் படித்துப் பாருங்கள். கடைக்காரர் மறுத்தால் வேறு கடையைப் பாருங்கள்.

5. ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் சீரியல் எண்ணும் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். "கேமிங் கம்ப்யூட்டர் - 1" என்று மொத்தமாகப் போட்ட பில் வாரண்டிக்கு உதவாது. பெட்டிகளையும் கேட்டு வாங்கி வையுங்கள்.

பெற்றோர் கவனிக்க

கேம் பட்டியலில் வயதையும் குறித்துக் கொள்ளுங்கள். ஐரோப்பாவின் பெகி தர அளவின்படி மைன்கிராஃப்ட் 7, ஃபோர்ட்நைட் 12, வேலரன்ட் 16, ஜி.டி.ஏ. 5 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு உரியவை. பதிமூன்று வயதுப் பையனுக்கு ஜி.டி.ஏ.வுக்காகக் கூடுதல் பணம் போட வேண்டுமா என்பதை அப்போதே முடிவு செய்து விடலாம். இதனால் பட்ஜெட்டும் குறையும்.

நண்பர்கள் பென் டிரைவில் தரும் 'கிராக்' கேம்களைத் தவிர்க்கவும். அவற்றுடன் வைரஸும் சேர்ந்து வருவது வழக்கம். வேலரன்ட், ஃபோர்ட்நைட், கவுண்டர் ஸ்டிரைக் 2 ஆகியவை இலவசமாகவே விளையாடக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்குள் உடை, துப்பாக்கி அலங்காரம் என்று விற்பனை நடக்கும். உங்கள் வங்கிக் கார்டை அதில் பதிந்து வைக்காதீர்கள். குழந்தைக்குத் தனி கணக்கு உருவாக்கி, 'மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி' மூலம் நேர அளவு வைக்கலாம். எல்லாவற்றையும் விட, கம்ப்யூட்டரை ஹாலில் வைப்பது எளிதான வழி.

அத்தான் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். அப்போதைக்கு விண்டோஸ் 10 ஏற்றிக் கொடுத்தேன். வேலரன்ட் திறந்தது. ஆனால் அது அக்டோபர் வரைக்குமான ஏற்பாடுதான் என்று இருவரிடமும் சொல்லி விட்டேன். மானிட்டர், கீபோர்டு, மவுஸ், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றை வைத்துக் கொண்டு மீதியை விற்றதில் கொஞ்சம் பணம் வந்தது. அதோடு மேலும் கொஞ்சம் போட்டு முதல் வழியில் ஐ5-8500 ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கினோம். தீபாவளிக்கு 70 வாட் கார்டு ஒன்று சேர்ந்தது.

இந்த முறை கடையில் நான் பேசவில்லை. பையன்தான் தாளில் எழுதியிருந்ததைப் பார்த்துக் கேட்டான். பிராசசரின் எண்ணைக் கேட்டு, கடைசி மூன்று இலக்கங்களை விரலால் மறைத்து அப்பாவிடம் காட்டினான். பட்டியலில் முன்பு இருந்த ஜி.டி.ஏ. 5-ஐ அவர்கள் இருவரும் பேசி அடித்திருந்தார்கள். "எஸ்.எம்.பி.எஸ். லேபிளைக் காட்டுங்க" என்று கேட்டது அத்தான்!

உங்கள் வீட்டிலும் அந்தத் தாளில் இருந்தே தொடங்குங்கள். கேம்களின் பெயர், தேவை, வயது மூன்றையும் குழந்தையே எழுதட்டும். விலை பேசும் போது அவனையும் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.